ஆரம்பாக்கம் தாண்டினால் அம்மா

சூளூர்ப்பேட்டை போகும் மின்சார ரயிலில் திருவொற்றியூரில் ஏறினால், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டி ஆரம்பாக்கம் வரும். அதுதான் தமிழ்நாட்டின் கடைசி ஸ்டேஷன். அடுத்தது தடா, அது ஆந்திரா. இரண்டுக்கும் நடுவில் கோடு எதுவும் கிடையாது. அதே முள்செடி, அதே வெயில், பெட்டிக்குள் அதே சமோசாக்காரர். ஆனால் என் தம்பி மகள் மட்டும் அந்த இடம் வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொள்வாள். ஆரம்பாக்கம் வரை நான் அவளுக்கு அத்தை. தடாவில் இறங்கும்போது நான் அவளுக்கு அம்மா. அவளைப் பெற்ற அப்பா, அதாவது என் தம்பி, பிளாட்பாரத்தில் காத்துக்கொண்டிருப்பான். அவனைப் பார்த்து “மாமா!” என்று கத்திக்கொண்டு ஓடுவாள்.

விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். பக்கத்து மாநிலத்துச் சட்டம் அது.

என் தம்பிக்குச் சின்ன வயசிலிருந்தே அரசியல் பைத்தியம். எந்தக் கட்சி என்பது அவனுக்கு முக்கியம் இல்லை. மேடை, மைக், துண்டு இந்த மூன்றும் இருந்தால் போதும். திருவொற்றியூரில் எங்கே கூட்டம் நடந்தாலும் நாற்காலி போடுவது அவன்தான், எடுத்து அடுக்குவதும் அவன்தான். அதற்கு மேல் யாரும் அவனை ஏற விடவில்லை. பிறகு தடா பக்கத்தில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு ஊரில் பெண் எடுத்து, மாமனார் வீட்டோடு போய்விட்டான். அங்கே ஒரு கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறான். அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டில் தமிழ் பேசுவார்கள், வெளியே தெலுங்கு பேசுவார்கள். இரண்டையும் கலந்து பேசினால் பேச்சாளன் என்று நினைத்துக்கொள்வார்கள். என் தம்பிக்குக் கடைசியில் ஒரு ஊர் கிடைத்துவிட்டது.

பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. வார்டு மெம்பருக்கு நிற்கலாம் என்று நான்கு பேர் சொல்ல, இவன் துண்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டான்.

“அக்கா, ஒரு பேஜாரு ஆயிப்போச்சு.”

“இன்னாடா?”

“எனக்கு மூணு கொயந்தையாம்.”

“அது உனக்கு இப்பத்தான் தெரியுதா?”

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. அந்த மாநிலத்தில் அப்போது ஒரு விதி இருந்தது. இரண்டு பிள்ளைக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது. எம்.எல்.ஏ.வுக்கு நிற்கலாம், எம்.பி.க்கு நிற்கலாம், அதற்கெல்லாம் எத்தனை பிள்ளை வேண்டுமானாலும் இருக்கலாம். தெருவிளக்குக்கு பல்பு மாட்டுகிற வார்டு மெம்பருக்குத்தான் இரண்டோடு நிறுத்தியிருக்க வேண்டும். நாட்டின் ஜனத்தொகையை ஏற்றுவதே வார்டு மெம்பர்கள்தான் என்று யாரோ கண்டுபிடித்திருக்கிறார்கள்.

“நம்ம ஊர்ல அஞ்சு பெத்தவன்லாம் கவுன்சிலருக்கு நிக்கறான்க்கா. ஒருத்தனும் கேக்கறதில்ல. இங்க இன்னாடான்னா…”

“அப்போ இங்க வந்து நில்லேன்.”

“அங்க எனக்கு யாருக்கா ஓட்டு போடுவா?”

தன்னைப் பற்றி அவ்வளவு தெளிவாக அவன் பேசியது அன்றைக்குத்தான். எனக்குப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த வார்த்தை பேசினான்.

“அக்கா, மூணாவது உன்னுதுதான? தவிட்டுக்கு வாங்கினியே, ஞாபகம் கீதுல்ல?”

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும். தமிழ் வீடுகளில் அடம்பிடிக்கிற பிள்ளையிடம் சொல்கிற பேச்சு ஒன்று உண்டு: “நீ எங்க புள்ளயே இல்ல, உன்ன தவிட்டுக்கு வாங்கினோம்.” என்னையும் அப்படிச் சொல்லித்தான் அழவைத்தார்கள். உங்களையும் சொல்லியிருப்பார்கள். என் தம்பி மகள் விஷயத்தில் அது பொய் இல்லை, நிஜமாகவே நடந்தது.

அவள் பிறந்தது ராயபுரத்தில், பிரசவ ஆஸ்பத்திரியில். நாள் ஆவதற்கு முன்பே பிறந்து, கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, ஒரு வழியாக எங்கள் வீட்டுக்கு வந்தாள். கையில் எடுத்தால் துணிதான் இருந்தது, பிள்ளை எங்கே என்று தேட வேண்டியிருந்தது. என் தம்பி மனைவிக்குப் பயம். அவர்கள் ஊர்ப் பக்கம் பிழைக்காது என்று தோன்றும் பிள்ளையை வேறு ஒருத்திக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவார்களாம். அந்த வீட்டுப் பிள்ளையே இல்லை என்று எமன் ஏமாந்து போய்விடுவானாம். வருஷம் கழித்து அதே தவிட்டைக் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமாம். எனக்குக் கோபம் வந்தது. டாக்டரம்மா அவ்வளவு பாடுபட்டுப் பிழைக்க வைத்த பிள்ளைக்குத் தவிடு என்ன செய்யும் என்று கத்தினேன். அவள் “வதின, வதின” என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர்கள் பக்கம் புருஷனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கத்திக்கொண்டே போய் மாட்டுத் தீவனக் கடையில் நின்றேன்.

“எத்தினி மாடும்மா?” என்றார் கடைக்காரர்.

“மாடு இல்ல. ஒரு கொயந்தை வாங்கணும்.”

அவர் உடனே தவிட்டை அளந்து போட்டார். வீட்டுக்கு வந்து தம்பி மனைவியிடம் ஒரு முறம் நிறையத் தவிடு கொடுத்தேன், பிள்ளையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை. டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தில் குழந்தை தேறியது, பேரைத் தவிடு தட்டிக்கொண்டு போனது.

வருஷம் கழித்துத் திரும்ப வாங்க வந்தார்கள். என் தம்பி தவிடு கொண்டுவரவில்லை. வழியில் மளிகைக் கடையில் ஒரு கோதுமை மாவு பாக்கெட் வாங்கி வந்திருந்தான்.

“எல்லாம் ஒண்ணுதானக்கா. இது தவிட்ட விட ஒசத்தி.”

நான் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு கண்டெய்னர் யார்டில் கேட்டில் உட்கார்ந்து வேலை செய்கிறவள். உள்ளே என்ன வந்தது என்று எழுதியிருக்கிறதோ அதுதான் வெளியே போக வேண்டும். சீல் நம்பரில் ஒரு எழுத்து மாறினாலும் டிரெய்லரைத் திருப்பி அனுப்பிவிடுவேன். டிரைவர்கள் என்னை எந்தெந்த மொழியிலெல்லாமோ திட்டுவார்கள். அப்படிப்பட்டவளிடம் தவிட்டுக்குப் பதில் மாவு கொண்டுவந்தால்? “தவுடுன்னா தவுடுதான். போய் எடுத்துகினு வா” என்றேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாவு பாக்கெட்டையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு, கிளம்பிவிட்டான். கேட் பாஸ் இல்லாமல் போன சரக்கு அவள். அந்தக் கணக்கை அதற்குப் பிறகு யாரும் முடிக்கவே இல்லை.

அதைத்தான் இப்போது தேர்தலுக்காகத் தோண்டி எடுத்தான்.

“நீ விடுவிக்கவே இல்லியேக்கா. அப்போ சட்டப்படி அவ உன் கொயந்தை.”

“எந்தச் சட்டம்டா?”

“தவிட்டுச் சட்டம்.” கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொன்றும் சேர்த்தான். “அதுவும் இல்லாம அவ பொறந்தது ராயபுரத்துல. தமிழ்நாட்டுல பொறந்தவள ஆந்திராக்காரன் எப்டி எண்ணுவான்?”

எமனை ஏமாற்றக் கண்டுபிடித்த வழியில் தேர்தல் கமிஷனையும் ஏமாற்றிவிடலாம் என்று உலகத்தில் என் தம்பி ஒருவனுக்குத்தான் தோன்றியிருக்கும். நான் நன்றாகத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் அடுத்த ரயிலில் பிள்ளையை அழைத்துக்கொண்டு வந்துவிட்டான். பள்ளிக்கூடப் பை, ஒரு துணிமூட்டை, காது பிய்ந்த கரடி பொம்மை. அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

“எலெக்‌ஷன் முடிஞ்சதும் இட்டுகினு பூடுவேன்” என்றான்.

என் வீட்டுக்காரர் சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் வேலை செய்கிறவர். அதிகம் பேச மாட்டார். அன்றைக்கு முழு விவரத்தையும் கேட்டுவிட்டுச் சாப்பாட்டுத் தட்டில் கையை நிறுத்தினார்.

“இன்னாம்மா இது? ரயில்ல ஏறுனா நா மாமா, எறங்குனா அப்பனா?”

“ஆமா. நா எறங்குனா அம்மா.”

“அது கூட பரவால்ல. நம்ம கல்யாணம்?”

எங்கள் கல்யாணம் ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல், மாலை மாற்றி நடந்தது. அப்படிச் செய்தாலும் அது கல்யாணம்தான் என்று தமிழ்நாடு தனியாகச் சட்டம் போட்டு வைத்திருக்கிறது. அது அவருக்குத் தெரியும். அதில் அவருக்குப் பெருமை கூட.

“அந்தச் சட்டம் அந்தாண்ட கிடையாது. ஆரம்பாக்கம் தாண்டுனா நீ யாரோ நா யாரோ. கல்யாணமே ஆவாதவளுக்குக் கொயந்தை எப்டிம்மா வந்துச்சுன்னு கேட்டா இன்னா சொல்லுவ?”

“தவிட்டுக்கு வாங்கினேன்னு சொல்லுவேன்.”

எல்லை தாண்டியதும் எங்கள் கல்யாணம் கரைந்துவிடுமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வக்கீலைக் கேட்டால் அப்படி இல்லை என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். ஆனால் என் வீட்டுக்காரர் அதைச் சாக்காக வைத்து அந்தப் பக்கம் வரவே மாட்டேன் என்றுவிட்டார்.

தம்பியின் வேட்புமனுவைப் பரிசீலிக்கிற நாளில் நானும் அவளும் போனோம். யாராவது ஆட்சேபம் சொன்னால் காட்டுவதற்கு நாங்கள் வேண்டும் என்று தம்பி சொல்லியிருந்தான். ரயிலில் போகும்போது சொல்லிக் கொடுத்தேன். அப்பா மாமா ஆக வேண்டும், மாமா அப்பா ஆக வேண்டும், அத்தை அம்மா ஆக வேண்டும், அம்மா அத்தை ஆக வேண்டும். நான்தான் குழம்பினேன். அவள் ஒரு தடவை கேட்டுவிட்டு “எதுலருந்து?” என்றாள்.

“எதுலருந்துன்னா?”

“எந்த ஸ்டேஷன்லருந்து மாத்தணும்?”

“ஆரம்பாக்கம் தாண்டினதும்.”

சரி என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஆரம்பாக்கத்தில் வண்டி நின்று கிளம்பியது. அவள் என் பக்கம் திரும்பி, “அம்மா, தண்ணி” என்றாள். தண்ணீர் பாட்டிலை மூடியைத் திறக்காமலேயே நீட்டினேன். பக்கத்தில் இருந்த அம்மாள் திறந்து கொடுத்தாள்.

பஞ்சாயத்து ஆபீஸில் ஆட்சேபம் வந்தது. சொன்னவன் என் தம்பியின் பழைய தோஸ்து, அதே வார்டில் எதிர்த்து நிற்கிறவன். “இவருக்கு மூணு பிள்ளைங்க சார்” என்றான். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி எங்களைப் பார்த்தார். தமிழ் நன்றாகப் பேசினார், தெலுங்கு ராகத்தில். நான் எழுந்து தவிட்டுக் கதையைச் சொன்னேன். நடுவில் நிறுத்தி ஒரு சந்தேகம் கேட்டார்.

“எந்தத் தவிடம்மா? அரிசியா, கோதுமையா?”

“அரிசி சார்.”

“அதுதான் செல்லும்” என்றார். என் தம்பி முகம் மலர்ந்துவிட்டது. “எங்கண்ணனைக்கூட அப்படித்தான் வித்தாங்க. கோதுமைன்னா பலிக்காது. ஆனா அம்மா, அது எமனுக்கு. இங்க கணக்கு வேற. கொடுத்தாலும் சரி, வித்தாலும் சரி, பெத்தது பெத்ததுதான்.” பிறகு பிள்ளையிடம் குனிந்தார். “நீ சொல்லு பாப்பா. உங்க அம்மா யாரு?”

அவள் என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த தன் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அதிகாரியிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டாள்.

“இந்த ஊர்லயா சார்?”

தம்பியின் அரசியல் வாழ்க்கை அங்கேயே முடிந்தது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவன் அந்த நேரத்தில் ஆட்சேபக்காரனுக்குப் பின்னால் நின்ற ஒரு பையனைப் பார்த்துவிட்டான். பாட்டில் தண்ணீரும் செருப்பும் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பையனுக்கு ஆட்சேபக்காரனின் காது அப்படியே இருந்தது, விடைத்துக்கொண்டு நிற்கிற பெரிய காது.

“இவன் யாருடா?” என்றான் தம்பி.

“என் தம்பி பையன்.”

“உனக்கு ஏதுடா தம்பி? நீ ஒரே புள்ளைன்னு உன் கல்யாணத்துல நாந்தானடா உனக்குத் தோழனா நின்னேன்!”

அதிகாரி பையனின் காதைப் பார்த்தார். ஆட்சேபக்காரனின் காதைப் பார்த்தார். கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். “ஆட்சேபம் ஏதாவது இருக்கா?” என்று பொதுவாகக் கேட்டார். இல்லை என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டு மனுவையும் ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்து நடக்கும்போதுதான் கவனித்தேன். அந்தத் தெருவில் வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் வாசலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள், சொல்லிவைத்த மாதிரி. மூன்றாவது பிள்ளைகள் எல்லாம் அத்தை வீட்டிலோ சித்தி வீட்டிலோ இருந்திருப்பார்கள். தேர்தல் வருகிறது என்றால் மற்ற ஊர்களில் ரோடு போடுவார்கள்.

என் தம்பி ஜெயித்துவிட்டான். மாலையோடு வந்து எங்கள் வீட்டில் இனிப்பு கொடுத்தான். நான் பிள்ளையின் துணிகளை மடித்துப் பையில் வைத்திருந்தேன்.

“இப்ப இட்டுகினு போவ முடியாதுக்கா.”

“ஏன்டா? எலெக்‌ஷன்தான் முடிஞ்சிடிச்சே.”

“முடிஞ்சாத்தான் ஆரம்பமே. நா மெம்பரா கீற வரிக்கும் அவ அங்க எம் பொண்ணா தங்கக் கூடாது. எவனாவது கேஸு போட்டா பதவி பூடும்.”

“அந்தக் காதுக்காரன் போட மாட்டானே.”

“அவன் பொண்டாட்டிக்கு அண்ணன் ஒருத்தன் கீறான்.”

வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். பெற்ற பிள்ளையை ஒளித்துவைத்துவிட்டு நீ எந்தத் தெருவுக்கு விளக்கு போடப்போகிறாய் என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு இனிப்பைத் தின்றான். அவன் போன பிறகு பையிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கினேன். சந்தோஷமாக இருந்தது. அவ்வளவு கோபத்துக்கு அடியில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்பும் வந்ததில்லை, அதற்குப் பின்பும் வந்ததில்லை. திங்கட்கிழமை பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தேன்.

பெற்றவள் சும்மா இருப்பாளா? மாதம் தவறாமல் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். அங்கே போனதும் தெருவில் நாலு பேர் பார்க்கும்படி பிள்ளை அவளை “அத்தை, நல்லாருக்கீங்களா?” என்று கேட்கும். அவளும் “வாம்மா, அம்மா சௌக்கியமா?” என்று என்னைக் காட்டிக் கேட்பாள். பிறகு பிள்ளையைச் சமையலறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். உள்ளேயிருந்து “அம்மா” என்று சின்னதாக ஒரு குரல் வரும். நான் கூடத்தில் உட்கார்ந்து, என் தம்பி ஜெயித்த அன்று மாலையோடு எடுத்த போட்டோவைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அவளை நினைத்து வருத்தமாக இருக்கும். கதவைத் திறந்தால் தேவலை என்றும் இருக்கும்.

ஆனால் போகிற வழி எனக்குப் பிடித்திருந்தது. மறைப்பதற்கு என்ன இருக்கிறது? திருவொற்றியூரில் நாள் முழுக்க “அத்த, சோறு”, “அத்த, ரப்பர் காணும்.” அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஆரம்பாக்கம் தாண்டினதும், “அம்மா.” கும்மிடிப்பூண்டியில் வண்டியை ரொம்ப நேரம் நிறுத்திவைத்தால் எனக்கு எரிச்சல் வரும்.

தம்பி மெம்பர் ஆகிச் செய்த முதல் காரியத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊர்ச் சுவரில் விழிப்புணர்வு வாசகம் எழுத மேலிருந்து சொன்னார்கள். அவன் தன் வீட்டுச் சுவரையே கொடுத்துவிட்டான். நாங்கள் போனபோது பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. நீல எழுத்து, பக்கத்தில் அப்பா, அம்மா, இரண்டு பையன்கள் சிரிக்கிற படம். எனக்குத் தெலுங்கு படிக்க வராது. அவளுக்கு வரும்.

“இன்னா எழுதிருக்கு?” என்று கேட்டேன்.

எழுத்துக்கூட்டிப் படித்தாள். “இரண்டு பேர் இருந்தால் வீடு நிறையும்” என்றாள். படத்தில் இருந்த தலைகளை விரலால் எண்ணினாள். பிறகு என்னிடம், “நான் இதுல இல்ல” என்றாள். அழவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நான் உள்ளே போய் என் தம்பியை அவன் மனைவி முன்னாலேயே அறைந்துவிட்டேன். மெம்பர் என்றும் பார்க்கவில்லை.

அப்புறம் ஒரு நாள் அந்த மாநிலத்துச் சட்டசபை அந்த விதியை எடுத்துவிட்டது. எடுத்ததோடு நிற்கவில்லை. ஜனம் குறைகிறது, இன்னும் பெற்றுக்கொள்ளுங்கள் என்று மேடைகளில் பேச ஆரம்பித்தார்கள். மூன்றாவது பிள்ளை நேற்றுவரை குற்றம், இன்றைக்கு நாட்டுக்குச் செய்கிற சேவை. எங்கள் பக்கம் எப்போதும்போல எண்ணவும் இல்லை, எண்ணாமல் விட்டதற்காக வருத்தப்படவும் இல்லை.

“அக்கா!” தம்பி போனில் கத்தினான். “எடுத்துட்டாங்க! இனிமே மூணு பெத்தவனுக்குத்தான் மருவாதயாம். நா எப்பவோ பெத்துட்டேன்! ஊர்ல எல்லாருக்கும் முன்னாடியே பெத்துட்டேன்னு பேசிகினு கீறேன்.”

“அந்தச் செவுரு?”

“வெள்ள அடிச்சாச்சு.”

அந்த வாரம் அந்த ஊரில் திருவிழாக் கூட்டமாம். மூன்றாவது பிள்ளைகள் எல்லாம் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்கினார்களாம். காதுக்காரனின் தம்பி மகன் ஒரே நாளில் மகன் ஆகிவிட்டான். எங்கள் வீட்டுப் பிள்ளையையும் கூட்டிப்போக வருவதாகத் தம்பி சொன்னான். நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்.

“தவுடு எடுத்துகினு வா.”

இந்தத் தடவை மாவு கொண்டுவரவில்லை. ஒரு மூட்டை அரிசித் தவிட்டை ரயிலில் ஏற்றி, திருவொற்றியூர் ஸ்டேஷனிலிருந்து தலையில் சுமந்து வந்தான். கூடவே அவன் மனைவி. எங்கள் வாசலில் முறத்தை வைத்துக் கொட்டினான். நான் அதை எடுத்துக்கொண்டு “குடுத்துட்டேன்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கேட்டில் உட்கார்ந்து எத்தனை டிரெய்லரை அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை எனக்கு வாயில் வரவில்லை. எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தெருமுனையிலிருந்து ஒரு மாடு வந்து முறத்தில் வாயை வைத்தது.

“ஏய், ஏய், ஹை!” என்று தம்பி துண்டை வீசினான். மாடு துண்டின் நுனியையும் சேர்த்து மென்றது. அவன் ஒரு பக்கம் இழுக்க, மாடு ஒரு பக்கம் இழுக்க, பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பதினோரு வயசுப் பெண், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். முறம் காலியாகிவிட்டது.

“இப்ப இன்னாக்கா பண்றது? மறுபடியும் தவுடா?”

என் வீட்டுக்காரர்தான் தீர்ப்பு சொன்னார். “சரக்கு எறங்கிடிச்சி. எவன் துன்னா இன்னா? கணக்கு முடிஞ்சிது.”

பையை நான்தான் கட்டிக் கொடுத்தேன். காது பிய்ந்த கரடியை விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள். செருப்பு போட்டுக்கொண்டே கேட்டாள்.

“நீ அங்க வந்தா உன்ன இன்னான்னு கூப்டணும்?”

“அத்தைன்னுதான். வேற இன்னா? அதான் சட்டமே போச்சே” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

அடுத்த மாதம் தனியாக ரயில் ஏறினேன். முறுக்கு, அவள் கேட்ட கலர் பென்சில், பையில் கரடி. முட்டாள்தனமான ஒரு சட்டம் ஒழிந்தது, ஊரே சந்தோஷப்படுகிறது. பெற்றவள் கதவைச் சாத்தாமல் பிள்ளையைக் கொஞ்சுகிறாள், நல்லதுதான். அந்தச் சட்டம் போனதில் நஷ்டப்பட்ட ஆள் இரண்டு மாநிலத்திலும் சேர்த்து நான் ஒருத்திதான் இருப்பேன் என்று நினைத்தபோது எனக்கே சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ஆரம்பாக்கம் வந்தது, போனது. பெட்டிக்குள் ஒன்றுமே மாறவில்லை. சமோசாக்காரர் இறங்கிக்கொண்டார்.

தடாவில் தம்பி, அவன் மனைவி, அவள் மூன்று பேரும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். “அப்பா, அதோ!” என்று அவள் என் தம்பியின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். எல்லாரும் கேட்கிற மாதிரி அப்பா என்று கூப்பிட்டதில் அவன் முகம் எப்படி இருந்தது தெரியுமா, மறுபடியும் ஜெயித்தவன் மாதிரி. நான் படியில் கால் வைக்கும்போது ஓடிவந்தாள்.

“அம்மா!”

நான் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் இறங்க வேண்டியவர்கள் முதுகில் இடித்தார்கள்.

“ஏய், இனிமே அப்டிக் கூப்ட வேணாம்” என்றான் தம்பி. “அந்தச் சட்டத்ததான் எடுத்துட்டாங்களே.”

அவள் என் கையிலிருந்த பையைத் திறந்து கரடியை எடுத்துக்கொண்டாள்.

“அது எலெக்‌ஷன்ல நிக்கிறவங்களுக்குப்பா. நான் எங்க நின்னேன்?”

என் தம்பி மனைவி பக்கத்தில்தான் இருந்தாள், எல்லாம் அவள் காதில் விழுந்தது. முறுக்குப் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, “வெயில்ல நிக்காதீங்க வதின, வாங்க வீட்டுக்கு” என்றாள்.